கசடு நீக்கும் காந்தம்

விழுப்புரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. எங்கள் தலைமுறையினருக்கு அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். கரும்பைப் பிழிந்தால் வருவது சர்க்கரை அன்று. மண்ணும் சக்கையும் மெழுகும் கலந்த கலங்கற் சாறு. அதனைக் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்து, கசடு கீழே படியுமாறு செய்து, தெளிவை மட்டும் எடுத்து வற்றவைத்த பிறகே வெள்ளைப் படிகம் கிடைக்கிறது. ஆலையின் உழைப்பில் பெரும்பங்கு கசடு நீக்குவதிலேயே கழிகிறது என்று சொன்னால் மிகையாகாது.

அதே ஊரில் 2010ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. பத்தே ஆண்டுகளில் அக்கல்லூரிக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. 2020 மார்ச் 7ஆம் நாள் தமிழ்நாட்டில் முதன்முதலாக ஒருவருக்குக் கொரோனா நோய் இருப்பது உறுதியாயிற்று. கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் ஒன்றே எல்லா மாதிரிகளையும் சோதித்துவிட முடியாதாகையால், மாவட்டங்களிலும் சோதனைக்கூடங்கள் திறக்கப்பட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாட்டில் முதற்கண் ஒப்புதல் அளித்த கூடங்களின் சிறு பட்டியலில், தேனி, திருநெல்வேலி, திருவாரூர், சேலம், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களோடு விழுப்புரமும் இடம்பெற்றது.

அந்த மே மாதத்தைத் தென்னார்க்காட்டுப் பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். சென்னைக் கோயம்பேட்டு அங்காடியில் நோய் பரவி, மே 5ஆம் நாள் அங்காடி மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களும் மண்டிகளில் வேலை பார்த்தவர்களும் கிடைத்த லாரிகளில் ஏறி ஊர் திரும்பினார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயாளர் எண்ணிக்கை சில நாட்களிலேயே மளமளவென்று ஏறியது. என் தம்பியின் மகனும் அவ்வாறு திரும்பியவர்களில் ஒருவன். பழமண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். அவனுடைய மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுத்துச் சென்றார்கள். அவன் தோட்டத்துக் கொட்டகையில் தனியே இருந்தான். வீட்டுக்குள் எண்பத்தாறு வயதான என் தாயார் இருந்தார்.

“ஏன்டா தம்பி, குச்சியை விட்டு எடுத்துக்கிட்டுப் போய் ஒரு நாள் முழுசா ஆயிடுச்சே, இருக்கா இல்லையான்னு சொல்ல இவ்வளவு நேரமா?” என்று அம்மா என்னைக் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் விஞ்ஞானம் கற்பித்தவனாகையால், விடை சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. மூன்றாம் நாள் காலையில் நோய் இல்லை என்ற செய்தி வந்து அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான். ஆயினும் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்தபோது நான் அறிந்துகொண்ட வரலாற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

குச்சியில் ஒட்டி வருவது என்ன? சளி, உமிழ்நீர், உதிர்ந்த உயிரணுக்கள், வாயில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள், சிறிது இரத்தம். வைரஸ் இருந்தால், இத்தனைக்கும் நடுவில் அதுவும் இருக்கும். அதன் உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை ஒன்று உண்டு. சோதனை தேடுவது அந்த இழையைத்தான். அதனை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, பிறகு இரட்டித்து இரட்டித்துப் பெருக்குகிறார்கள். இந்தப் பெருக்கும் முறையைக் கண்டவர் அமெரிக்கரான காரி முல்லிஸ், ஆண்டு 1983. ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் நாற்பது முறை இரட்டிக்குமானால், ஓர் இழை ஒரு லட்சம் கோடிக்கும் மேலாகிவிடும். கணக்கில் ஐயம் உள்ளவர்கள் தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பெருக்கத்தைச் செய்யும் நொதிகள் மிகவும் சுகவாசிகள். சளியின் பிசுபிசுப்போ, இரத்தத்தின் செந்நிறப் பொருளோ சிறிதளவு கலந்துவிட்டாலும் அவை வேலைநிறுத்தம் செய்துவிடும். அப்போது நோய் இருந்தும் இல்லை என்ற விடை வரக்கூடும். மற்றொரு தொல்லையும் உண்டு. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் நம் விரல் நுனியில்கூட இருக்கின்றன. ஆகவே மாதிரி வந்தவுடன் முதல் வேலை, இழையைச் சிதைய விடாமல், மற்ற யாவற்றினின்றும் பிரித்துக் கழுவி எடுப்பது. பெருக்கும் இயந்திரத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறைய எழுதின. அதற்கு முன் நடக்கும் இந்தக் கழுவும் வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனினும் சோதனையின் உண்மையும் பொய்யும் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகின்றன.

இந்த வேலையை முதன்முதலில் செய்தவர் பிரீட்ரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர். 1869ஆம் ஆண்டு, இடம் ஜெர்மனியில் உள்ள ட்யூபிங்கன் நகரம். ஒரு பழைய கோட்டையின் சமையற்கட்டே அவருக்கு ஆராய்ச்சிச்சாலையாக வாய்த்தது. அவர் எடுத்துக்கொண்ட மாதிரியைக் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். அருகில் இருந்த அறுவை மருத்துவமனையில் புண்களிலிருந்து கழற்றி எறிந்த கட்டுத்துணிகள்! அவற்றிலிருந்த சீழைக் கழுவி, அதிலுள்ள வெள்ளணுக்களைப் பிரித்து, பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்னும் செரிமான நொதியைக் கொண்டு புரதங்களைக் கரைத்து நீக்கினார். எஞ்சியது பாஸ்பரஸ் மிகுந்த, அதுவரை எவரும் அறியாத ஒரு பொருள். உட்கருவிலிருந்து வந்ததால் அதற்கு நியூக்ளின் என்று பெயரிட்டார். இன்று நாம் டி.என்.ஏ. என்று கூறுவது அதுவேயாகும். பெருங்கண்டுபிடிப்பு என்று நாம் போற்றும் அச்செயல், உண்மையில் ஓர் அழுக்குத் துணியை மிகப் பொறுமையாகத் துவைத்த செயல்தான்.

மீஷருக்குப் பின் நெடுங்காலம் துவைக்கும் முறைகள் கடினமாகவே இருந்தன. 1950களிலிருந்து பீனால் என்னும் திரவம் பெருவழக்காயிற்று. பழைய மருத்துவமனைகளில் தரை கழுவப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் என்றால் பெரியவர்களுக்கு விளங்கும். அதையும் குளோரோபாரத்தையும் மாதிரியோடு சேர்த்துக் குலுக்கி, சுழற்சி இயந்திரத்தில் இட்டுச் சுழற்றினால், புரதக் கசடு நடுவில் ஏடுபோல் நிற்கும், டி.என்.ஏ. மேலே உள்ள நீரில் தங்கும். ஏடு கலங்காமல் மேல்நீரை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். பீனால் தோலில் பட்டால் புண்ணாகும். கைத்திறம் மிக்க ஒருவர் ஒரு நாளில் முடிக்கக்கூடியவை சில மாதிரிகளே. ஆராய்ச்சிக்கு அது போதும். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் காலத்துக்குப் போதாது.

அடுத்த மாற்றம் கண்ணாடியால் வந்தது. உப்பு மிகுந்த கரைசலில் டி.என்.ஏ. கண்ணாடித் தூளின் மீது ஒட்டிக்கொள்ளும், உப்பை நீக்கி வெறும் நீரை ஊற்றினால் விட்டுவிடும் என்பதை 1979ஆம் ஆண்டு வோகல்ஸ்டைன், கில்லெஸ்பி என்னும் இரு அமெரிக்கர்கள் பயன்படுத்திக் காட்டினார்கள். 1990ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பூம் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனை மருத்துவமனை மாதிரிகளுக்கு ஏற்றவாறு திருத்தினார்கள். குவானிடீனியம் தயோசயனேட் என்பது அவர்கள் கையாண்ட உப்பின் பெயர். பெயர் நீளமாயினும் அதன் தொண்டு பெரிது. ஒரே உப்பு வைரஸின் உறையைப் பிளக்கிறது. சிதைக்கும் நொதிகளை முடக்குகிறது. இழையைக் கண்ணாடித் துகளின்மேல் ஒட்டவும் வைக்கிறது. பிறகு சாராயம் கலந்த நீரால் துகளைக் கழுவினால் கசடெல்லாம் போய்விடும், இழை போகாது. கடைசியில் சில துளி நீர் விட்டால் தூய இழை அந்நீரில் இறங்கிவிடும். பிடித்தல், கழுவுதல், விடுதல் என்னும் மூன்றே படிகள். இன்றும் முறை இதுதான்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு முறை கழுவும்போதும் துகள்களைக் கீழே படியவைக்கச் சுழற்சி இயந்திரத்தை ஓட்டவேண்டும். குழாயை எடுத்து, வைத்து, சுழற்றி, மறுபடி எடுக்கும் இந்த வேலையை இயந்திரக் கைக்குப் பழக்குவது எளிதன்று. துகளைச் சுழற்றாமலேயே ஓரிடத்தில் பிடித்து நிறுத்த இயலுமா? இங்கேதான் காந்தம் நுழைகிறது.

உடலோடு கலந்ததைக் காந்தத்தால் பிரித்தெடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சுசுருத சம்ஹிதையில், உடலில் தைத்த அம்புமுனை போன்றவற்றை நீக்கும் வழிகளுள் ஒன்றாகக் காந்தக்கல் கூறப்பட்டுள்ளது. அதிலும் நூலாசிரியர் எச்சரிக்கையோடு நிபந்தனைகள் விதிக்கிறார். தைத்தது நேராக இருக்க வேண்டும். எங்கும் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முள்போல் பக்கவாட்டில் நீட்டியிருக்கக் கூடாது. புண்ணின் வாய் அகன்றிருக்க வேண்டும். காந்தம் சதையை இழுக்காது, இரும்பை மட்டுமே இழுக்கும் என்ற ஒரு பண்பை நம்பியே அம்முறை வகுக்கப்பட்டது.

பள்ளி மாணவர்களுக்கும் இப்பாடம் தெரியும். இரும்புத்தூளையும் கந்தகப் பொடியையும் கலந்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்துக் காட்டுவது தொடக்க வகுப்பு இரசாயனத்தின் முதற்படி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு நுட்பம் சொல்லிக் கொடுத்தார்கள்: காந்தத்தை வெறுமனே கலவையில் விடாதே, ஒரு தாளில் சுற்றிக்கொண்டு விடு. வெறுமனே விட்டால் இரும்புத்தூள் காந்தத்தைச் சுற்றி மயிர்போல் அப்பிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. தாளில் சுற்றியிருந்தால், காந்தத்தை உருவியவுடன் தூள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பிடிப்பதைப் போலவே விடுவதற்கும் வழி வேண்டும் என்பதுதான் அந்தத் தாளின் பொருள். இன்றைய ஆய்வுக்கூடத்தில் காந்தம் குழாய்க்கு வெளியே நிற்கிறது. குழாயின் சுவர்தான் அந்தத் தாள்.

ஆனால் ஆர்.என்.ஏ. இரும்பு அன்று, காந்தம் அதனை இழுக்காது. எனவே இரும்பின் கறுப்பு ஆக்சைடை மிக நுண்ணிய துகளாக்கி, அதன்மேல் கண்ணாடியின் மூலப்பொருளாகிய சிலிகாவைப் போர்த்திவிடுகிறார்கள். போர்வையில் இழை ஒட்டும். உள்ளே இருக்கும் இரும்பு காந்தத்துக்குக் கட்டுப்படும். ஆய்வுக்கூடத்தார் இத்துகள்களைப் ‘பீட்ஸ்’ என்பார்கள். நாம் மணி என்றே சொல்லலாம். ஒரு மணியின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. கண்ணுக்கு அது காப்பிக் கஷாயம்போல் ஒரு பழுப்புக் கலங்கலாகவே தோன்றும். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கலங்கல் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் பொட்டிட்டதுபோல் ஒதுங்கி, நீர் தெளிந்துவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் வியப்படைவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காந்தத்தோடு சேர்ந்த இரும்பு தானும் காந்தமாகிவிடும் அல்லவா? மணிகளும் அவ்வாறு ஆகிவிட்டால், காந்தத்தை நீக்கிய பிறகும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிவிடும். இடையில் அகப்பட்ட கசடைக் கழுவ இயலாது. இதற்கு விடை பிரான்சு நாட்டு இயற்பியலறிஞர் லூயி நீல் என்பவரின் 1949ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் இருந்தது. காந்தப் பொருளை மிக மிகச் சிறு பருக்கையாக்கினால், சாதாரண வெப்பத்தின் அதிர்வே அதன் காந்தத் திசையை ஓயாமல் குலைத்துக்கொண்டிருக்கும். அருகில் காந்தம் இருக்கும்வரை அது கட்டுப்படும். காந்தம் விலகியவுடன் யாவற்றையும் மறந்துவிடும். பழைய பாறைகளின் காந்தப் பண்பை விளக்கவும் உதவிய இந்தக் கொள்கை, நோயாளியின் சளியைக் கழுவப் பயன்படும் என்று அவர் எண்ணியிருப்பாரா என்பது ஐயமே. நீலுக்கு 1970ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது.

மணிகளை ஒரே அளவில் செய்வதும் ஒரு பெரும்பாடாக இருந்தது. பூமியின் ஈர்ப்பு அதற்குத் தடையென்று கருதி, அமெரிக்கர்கள் 1982ஆம் ஆண்டு முதல் விண்வெளி ஓடத்தில் பிளாஸ்டிக் மணி செய்து பார்த்தார்கள். அதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், நார்வே நாட்டின் டிரான்ட்ஹெய்ம் நகரத்தில் யோன் உகெல்ஸ்டா என்னும் பேராசிரியர் தம் ஆராய்ச்சிச்சாலையில் தரையில் நின்றபடியே அதைச் செய்து முடித்திருந்தார். பின்னர் அந்த மணிகளின் நுண்துளைகளில் இரும்பு ஆக்சைடைப் படியவைத்தார்கள். அவற்றின் முதற்பயன்களுள் ஒன்று குழந்தைகளுக்கானது. நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் எலும்பு மச்சையை வெளியே எடுத்து, அதில் கலந்திருந்த புற்றணுக்களைக் காந்த மணிகளால் பிரித்து நீக்கிய முறையை லண்டன் மருத்துவர்கள் 1984ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். சுசுருதர் சொன்ன அம்புமுனைக்குப் பதிலாக ஓர் உயிரணு! 1990களில் மனிதனின் மரபுத்தொகுதி முழுவதையும் படிக்கும் பெருமுயற்சி நடந்தபோது, டிரெவர் ஹாகின்ஸ் முதலியோர் டி.என்.ஏ.வை மணிகளில் ஏற்றி இறக்கும் எளிய முறை ஒன்றை வகுத்தார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் அத்தனை மாதிரிகளையும் இயந்திரக் கையே ஒருசேரக் கழுவும் காலம் அதன்பின் வந்தது.

மணியின் உள்ளே இருக்கும் அந்தக் கறுப்பு ஆக்சைடைப் பற்றி ஒரு வார்த்தை. மாக்னடைட் என்னும் அப்பொருள் நமக்கு அயலானதன்று. சேலத்துக் கஞ்சமலை முதலிய இடங்களில் அது மலையாகவே கிடக்கிறது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையில், ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டையொட்டி ஓர் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கி இங்கிலாந்துக்கும் அனுப்பினார். அந்த ஆலை நிலைக்கவில்லை. மலைமலையாகத் தாது இருந்தும் தொழில் நம் கையில் நிற்காத அந்தப் பழைய கதையை, 2020ஆம் ஆண்டின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஏனெனில் அவ்வாண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் நாட்டுச் சோதனைக்கூடங்களுக்கு ஆர்.என்.ஏ. பிரிக்கும் பொருள்களுள் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. உலக நாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அதையே கேட்டன. வேறொரு மாவட்டத்தில் சோதனைக்கூடப் பணியில் இருந்த என் பழைய மாணவி தொலைபேசியில் சொன்னதை நான் மறக்கவில்லை. “சார், மெஷின் தயாரா நிக்குது. மாதிரியும் குளிர்பெட்டியில இருக்கு. நடுவுல கழுவுற கிட் வந்தாத்தான் சார் வேலை ஓடும்.” என் தாயாரின் கேள்விக்கான விடையில் பாதி அந்த வாக்கியத்தில் இருந்தது. தமிழ்நாடு அப்போது விரைவுச் சோதனைகளை நம்பாமல், இழையைப் பெருக்கும் சோதனையையே கைக்கொண்டிருந்தது. அது நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் கழுவும் பொருள் வேண்டும் என்பது அம்முடிவின் விலை.

அந்த நெருக்கடியில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானத் தொழில்நுட்ப நிறுவனம் செய்த பணி குறிப்பிடத்தக்கது. அங்கே அனூப் தெக்குவீட்டில் என்னும் விஞ்ஞானியின் குழுவினர், காந்த நுண்துகள்களைக் கொண்டு ஆர்.என்.ஏ. பிரிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். சித்ரா மேக்னா என்று பெயர் பெற்ற அதனை 2020 ஏப்ரலில் அறிவித்தார்கள். செய்முறையை எர்ணாகுளத்து அகாப்பே நிறுவனத்துக்கு அளிக்க, மே மாதத்திலேயே அது விற்பனைக்கு வந்தது. காந்த மணி இல்லாமல் சோதனையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிலிகா சல்லடை பொருத்திய சிறு குழாயில் ஊற்றிச் சுழற்றும் முறையும் அன்று நாடெங்கும் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. மாதிரிகள் குறைவாக இருக்கும் இடத்தில் அதுவே சிக்கனம். மாதிரிகள் மலைபோல் குவியும்போதுதான் காந்தத்தின் அருமை தெரியும்.

நோயாளியின் சளி மட்டுமே கழுவக் கடினமான மாதிரி என்று எண்ணிவிடாதீர்கள். பயிர்களின் இலை அதற்குச் சற்றும் சளைத்ததன்று. இலையை அரைத்தால் மாவுச்சத்து வகைகள் பசைபோல் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும், வெட்டிய வாழைக்காயைக் கறுக்கச் செய்யும் பொருள்களின் இனமும் கூடச் சேர்ந்து அதனைப் பழுப்பாக்கும். இவற்றை அகற்ற 1980ஆம் ஆண்டு முதல் சி.டி.ஏ.பி. என்னும் சவர்க்காரம் போன்ற பொருளைப் பயன்படுத்தி வருகிறார்கள். இறுதித் தூய்மைக்கும், மரபெழுத்தைப் படிக்கும் இயந்திரத்தில் இடுவதற்கு ஏற்ற அளவுள்ள துண்டுகளைப் பொறுக்கி எடுப்பதற்கும் இப்போது பெரும்பாலும் காந்த மணிகளே உதவுகின்றன. நிலக்கடலையின் மரபுத்தொகுதி முழுவதும் 2019ஆம் ஆண்டு படித்து வெளியிடப்பட்டது.

நிலக்கடலை என்றதும் திண்டிவனத்துக்காரர்களுக்குக் காது நீளும். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940ஆம் ஆண்டு வெளிவந்த ரகம் டி.எம்.வி. 2. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி எடுத்து வளர்த்த அந்த ரகத்தின் பெயரில் உள்ள மூன்றெழுத்தும் திண்டிவனத்தையே குறிக்கின்றன. தமிழ்நாட்டையும் கடந்து பல மாநிலத்து உழவர்கள் அதைப் பல்லாண்டு விதைத்தார்கள். கர்நாடகத்துத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தார், டி.எம்.வி. 2 ரகத்தையும் அதிலிருந்தே தோன்றிய குறுகிய இலையுடைய திரிபு ஒன்றையும் இணைத்து, அவற்றின் வழித்தோன்றல்களில் இலை, காய், விதை ஆகியவற்றின் இயல்புகளை ஆளும் மரபணுக்கள் எவ்விடத்தில் உள்ளன என்று தேடி வந்திருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு செடியிலிருந்தும் ஓர் இளந்தளிரைக் கிள்ளி, அரைத்து, கசடு நீக்கி, டி.என்.ஏ.வைக் குழாயில் சேர்த்து, குழாயின்மேல் செடியின் எண்ணையும் பெற்றோர் ரகத்தின் பெயரையும் எழுதிவைக்க வேண்டும்.